காலுக்குள் ஒரு ஃபுட் வால்வு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மலர்க் குழு நண்பர்கள் வந்து "நீ என்னப்பா எழுதித் தரப் போறே?" என்று கேட்டபோது, எனக்குக் கவிதை வராது என்று சொல்லிவிட்டேன். "அப்போ பரேடுல விழுந்ததைப் பத்தி எழுது" என்று சிரித்தார்கள். சரி, அதையே எழுதுகிறேன். சிரித்தவர்களும் படிக்கட்டும்.

முதலாம் ஆண்டு, ஆகஸ்ட் 15. என்.சி.சி. அணியில் முன்வரிசையில் நான். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம். 'சாவ்தான்' சொல்லி நிறுத்திவிட்டு, வண்டி வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று முக்கால் மணி நேரம் போனது. முதலில் காது அடைத்தது. பிறகு கொடிக்கம்பம் இரண்டாகத் தெரிந்தது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது மல்லாந்து கிடந்தேன். நாலு பேர் ஓடி வந்து என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள், சோடா தெளித்தார்கள். உட்கார்ந்ததும் மறுபடியும் கண் இருட்டியது. அப்போது கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணன், முன்னாள் ராணுவத்தார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அவனை ஏம்ப்பா உட்கார வெக்கிறீங்க? படுக்கப் போடுங்க. காலைத் தூக்கிப் புடிங்க" என்று அதட்டினார். இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிட்டேன்.

காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன்! மறுநாள் அந்த அண்ணனிடமே போய்க் கேட்டேன். "முட்டியை இறுக்கிக்கிட்டு மரம் மாதிரி நின்னியா? நின்னா விழத்தான் செய்யும். பூட்ஸுக்குள்ள விரலை ஆட்டிக்கிட்டே இருக்கணும் தம்பி. கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடணும். எதிர்ல நிக்கிற ஆபீசருக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

விரலை ஆட்டுவதற்கும் தலை சுற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டாம் ஆண்டு ஹைட்ராலிக்ஸ் வகுப்பில்தான் எனக்கு அது விளங்கியது. பம்பு பாடம் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் ஆலங்காயம். ஜவ்வாது மலை அடிவாரம். காவலூர் வானாய்வு நிலையத்துக்கு மலை ஏறுகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள். எங்கள் பக்கத்தில் கிணறும் மோட்டாரும் பார்த்து வளர்ந்தவனுக்கு ஃபுட் வால்வு என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடி நுனியில் இருக்கிற ஒருவழிக் கதவு அது. தண்ணீர் மேலே ஏறும். திரும்பக் கீழே இறங்காது. அதன் வாஷர் தேய்ந்துவிட்டாலோ, ஒரு வேப்பிலை போய் இடுக்கில் மாட்டிக்கொண்டாலோ போச்சு. ராத்திரியெல்லாம் குழாய்த் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். காலையில் குடம் குடமாய் ஊற்றி நிரப்பினால்தான் மோட்டார் எடுக்கும். நம் காலுக்குள்ளும் இதே ஏற்பாடு இருக்கிறது. ஒன்றல்ல, வரிசையாகப் பல வால்வுகள்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், ஒரே வரிதான். நிற்கிற ஒருவரின் இதயத்திலிருந்து கணுக்கால் வரை உயரம் சுமார் 1.2 மீட்டர் என்று வைப்போம். இரத்தத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 1060 கிலோ. அடர்த்தி, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 1060 × 9.81 × 1.2, ஏறக்குறைய 12,480 பாஸ்கல். பாதரச மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 94. அசையாமல் நிற்கிற மனிதரின் கால் சிரையில் ஊசி செருகி அளந்தாலும் 90-ஐ ஒட்டித்தான் காட்டும். பாடப் புத்தகச் சூத்திரம் உடம்புக்குள்ளும் பலிக்கிறது!

இங்கே நம் வகுப்பில் ஒருவன் நல்ல கேள்வி கேட்டான். "இதயத்திலிருந்து இறங்குற குழாயும் இருக்கு, ஏறுற குழாயும் இருக்கு. இது யு-டியூப் தானே? ஒரு பக்கத் தண்ணிக்கட்டு இன்னொரு பக்கத்தைச் சமன் செய்துடுமே, அப்புறம் எதுக்குத் தனியா பம்பு?"

கேள்வி சரிதான். இரும்புக் குழாயாக இருந்தால் பம்பே வேண்டாம். ஆனால் சிரை இரும்பு இல்லை, சைக்கிள் டியூப் மாதிரி மெல்லிசு. உள்ளே அழுத்தம் ஏறினால் உப்பும். தமனியின் சுவர் தடிமன், தாங்கிக்கொள்ளும். சிரை விரிந்து இடம் கொடுத்துவிடும். நாம் படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் உடம்பின் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. மொத்த இரத்தமே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். அப்படியே அசையாமல் நின்றால் தேக்கம் இன்னும் கூடும். அதோடு, அந்த 90 மில்லிமீட்டர் அழுத்தம் நுண்குழாய்களிலிருந்து நீரைத் திசுக்களுக்குள் கசியவும் வைக்கும். இதயத்துக்குத் திரும்புகிற அளவு குறைந்தால் அது வெளியே தள்ளுகிற அளவும் குறையும். உள்ளே வந்தால்தானே வெளியே அனுப்ப முடியும்? மூளைக்குப் போகிற பங்கு குறைந்த நேரத்தில்தான் எனக்குக் கொடிக்கம்பம் இரண்டாகத் தெரிந்தது.

ஆக, நான் விழுந்ததே ஒரு வைத்தியம். படுத்துவிட்டால் இதயமும் காலும் ஒரே மட்டம். தண்ணிக்கட்டு பூஜ்யம். நாற்காலியில் தூக்கி வைத்தவர்கள் அன்போடுதான் செய்தார்கள், ஆனால் செய்தது தப்பு. இனிமேல் யாராவது மயங்கி விழுந்தால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். இரண்டொரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பம்பு எங்கே?

முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். கெண்டைக்கால், ஆடுசதை என்று நாம் சொல்கிற இடம். பார்த்தால் கெண்டை மீன் மாதிரியே நடுவில் பருத்து இருக்கும். அதில் மேலே இருப்பது காஸ்ட்ராக்னீமியஸ். அதன் அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். சோலியஸ் என்ற பெயர் லத்தீன் மொழியில் செருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள்! இரண்டு தசையும் சேர்ந்து குதிகால் எலும்பில் போய் முடிகின்றன. குதிகாலைத் தூக்கும்போது இவை சுருங்குகின்றன.

சோலியஸ் தசைக்குள்ளே பை பையாகச் சிரைகள் இருக்கின்றன. தசை தளர்ந்திருக்கும்போது அவற்றில் இரத்தம் நிரம்பும். அதுதான் சக்‌ஷன் ஸ்ட்ரோக். தசை சுருங்கும்போது பை நசுங்கும். அதுதான் டெலிவரி ஸ்ட்ரோக். இந்தத் தசைகளைச் சுற்றி விறைப்பான ஓர் உறை போர்த்தியிருக்கிறது. உறை இல்லாவிட்டால் தசை வெளிப்பக்கம் உப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும். உறை இருப்பதால் அழுத்தம் முழுவதும் உள்ளே இருக்கிற சிரைமேல் விழுகிறது. பிஸ்டனுக்கு சிலிண்டர் எப்படியோ அப்படி. நல்ல காலில் ஒருமுறை சுருங்கினால் கெண்டைக்கால் சிரைகளில் தங்கியிருந்த இரத்தத்தில் ஏறக்குறைய பாதி மேலே போய்விடும்.

உள்ளங்காலிலும் ஒரு சின்ன பம்பு உண்டு. பாதத்தின் அடியில் தசைகளுக்கு நடுவே சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. அடி எடுத்து வைத்து உடல் எடை விழுந்ததும் அவை நசுங்கி, இரத்தத்தைக் கெண்டைக்காலுக்கு ஏற்றுகின்றன. அடுத்து குதிகால் எழும்பும்போது கெண்டைக்கால் அதைத் தொடைக்கு அனுப்புகிறது. நடை என்பது இரண்டு கட்ட பம்பு என்று சொல்லலாம். நடக்கும்போது கணுக்கால் சிரையின் அழுத்தம் 90-லிருந்து 30-க்கும் கீழே இறங்கிவிடும். சிலர் இதை 'இரண்டாவது இதயம்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் முழுச் சம்மதம் இல்லை. இதயம் நாம் தூங்கினாலும் வேலை செய்யும். இது நாம் அசைந்தால்தான் வேலை செய்யும். மோட்டார் வைக்காத கைப் பம்பு!

வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தாலியில் பதுவா நகரில் ஃபாப்ரிசியஸ் என்ற பேராசிரியர் சிரைகளுக்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருப்பதை விரிவாக எழுதி 1603-ல் வெளியிட்டார். ஆனால் அவை எதற்கு என்பதில் கோட்டை விட்டுவிட்டார். கைகால்களில் இரத்தம் ஒரேயடியாகப் பாய்ந்து சேர்ந்துவிடாமல் வேகத்தைக் குறைக்கவே அவை இருக்கின்றன என்று நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, கதவுகள் எல்லாம் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன என்று கண்டு, இரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-ல் புத்தகம் போட்டார். அவர் செய்து காட்டிய சோதனையை ஹாஸ்டலில் உட்கார்ந்து நீங்களே செய்யலாம். கையைத் தொங்கவிடுங்கள். முன்கையில் நன்றாகப் புடைத்த ஒரு சிரையை, மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்துங்கள். விரலை எடுக்காமல், இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி அந்தச் சிரையைத் தடவி வழித்துவிடுங்கள். இப்போது வழித்த விரலை மட்டும் எடுங்கள். ஒரு வால்வைத் தாண்டி வழித்திருந்தால், அந்த வால்வு வரைக்கும் சிரை காலியாகவே இருக்கும், மேலே இருக்கிற இரத்தம் திரும்பி வராது. கீழே அழுத்திய விரலை எடுத்த உடனே 'குபுக்'கென்று நிரம்பும். நானூறு வருஷத்துப் பழைய சோதனை. பைசா செலவில்லை.

கால் பம்பில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். நடந்து வந்து நின்றால், வால்வு நன்றாக இருக்கிற காலில் சிரை மறுபடி நிரம்ப 20 விநாடிக்கு மேல் ஆகும். கீழேயிருந்து மெல்ல மெல்ல நிரம்ப வேண்டும் அல்லவா? வால்வு கெட்ட காலில் மேலேயிருந்தே இரத்தம் சரிந்து சீக்கிரமே நிரம்பிவிடும். அதாவது நல்ல காலுக்கே, அசையாமல் நின்றால், நடந்த பலன் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கரைந்துவிடுகிறது. அப்படியானால் பதினோரு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு?

அக்காவின் கொலுசு

என் அக்கா பிளஸ் டூ முடித்ததும் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். கடையின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். காலை ஒன்பதரைக்குக் கடையில் நிற்க வேண்டும். ராத்திரி ஒன்பது வரை. சாப்பாட்டுக்கு அரை மணி. கஸ்டமர் இல்லாவிட்டாலும் உட்காரக்கூடாது, சுவரில் சாயக்கூடாது. என் டிப்ளமோ ஃபீஸில் பாதி அந்த நின்ற காலில் வந்ததுதான்.

முதல் வருஷம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "சாயந்திரம் ஆனா கொலுசு இறுக்குதுடா." காலையில் தளதளவென்று ஆடும் கொலுசு, ராத்திரி சதையில் பதிந்து தடம் போட்டிருக்கும். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த தீபாவளி சீசனில் கொலுசைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் முழங்காலுக்குக் கீழே பச்சையாய் மண்புழு நெளிவது போல் புடைத்தது. கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்தது. அம்மா அதை 'நரம்பு சுருட்டு' என்றாள். நம் பேச்சில் நரம்பு என்று சொன்னாலும் இது சிரைதான். மருந்துக்கடையில் போய் 'நரம்பு மாத்திரை' வாங்கிப் போட்டால் இதற்குக் கேட்காது. எங்கள் வீட்டில் ஆறு மாதம் அதைத்தான் வாங்கிப் போட்டோம்!

கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். அக்காவைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கினார்களாம், புடைப்பெல்லாம் மறைந்துவிட்டது. தொடையில் ஒரு ரப்பர் டியூபை இறுக்கிக் கட்டி எழுந்து நிற்கச் சொன்னார்களாம். சிரை புடைக்கவில்லை. டியூபை அவிழ்த்ததும் மேலேயிருந்து கீழே தண்ணீர் இறங்குவது போல் நிரம்பிவிட்டது. பிறகு ஸ்கேனிலும் அதுவே தெரிந்தது. வீட்டுக்கு வந்து அக்கா சொன்னாள். "வால்வு போயிடுச்சும்மா, தண்ணி மாதிரி ரத்தம் திரும்பி இறங்குதுன்னு சொன்னாங்க." எங்கள் மோட்டார் மெக்கானிக் சொல்லும் அதே வார்த்தைகள்!

தோல் ஏன் கறுத்தது என்றும் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்களும் கசிகின்றன. அவை சிதையும்போது அவற்றில் இருக்கும் இரும்பு தோலுக்கடியில் தங்கிவிடுகிறது. ஏறக்குறைய துருக் கறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரு சின்ன அடி பட்டாலும் புண் ஆறாது. அக்காவுக்குப் புண் வரவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே இறுக்கமான காலுறை மாட்டச் சொன்னார்கள். தளர்ந்துபோன சிரைக்கு வெளியிலிருந்து ஓர் உறை. ஒட்டகச்சிவிங்கிக்குக் கால் தோலே இப்படி இறுக்கமாகத்தான் இருக்கிறதாம். அத்தனை உயரத்திலிருந்து இறங்கும் இரத்தக்கட்டை அது தாங்க வேண்டுமே! நடந்தால் சரியாகிவிடுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா நேராகவே சொன்னாராம். நடந்தால் வீக்கமும் வலியும் குறையும், ஆனால் கெட்டுப்போன வால்வு திரும்ப வராது, முற்றினால் அந்தச் சிரையையே அடைத்துவிட வேண்டும் என்று.

பரம்பரையாகவும் இது வரும், கர்ப்ப காலத்திலும் வரும், உடல் பருமனாலும் வரும். நின்றதால் மட்டும்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலவீனமான வால்வின்மேல் தினமும் பதினோரு மணி நேரம் தண்ணிக்கட்டை ஏற்றி வைத்தது யார்?

கேரளத்தில் கோழிக்கோட்டில் இதைக் கேள்வியாகவே கேட்டார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு முதலில் கழிப்பறை கேட்டது. அப்புறம் உட்காரும் உரிமை கேட்டது. 2018-ல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலைகளுக்கு 1948-ம் வருடச் சட்டத்தின் 44-ம் பிரிவிலேயே இப்படி ஒன்று எழுதியிருந்தார்கள். அது கடைக்கு வந்து சேர எழுபது வருஷம் ஆகியிருக்கிறது!

அக்காவின் கடையில் ஸ்டூல் வந்தது, பொய் சொல்லக்கூடாது. தளத்துக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் கஸ்டமர்களின் பைகள் உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் மேல்தட்டுச் சேலையை எடுக்க யாராவது ஏறி நிற்பார்கள். "உட்காரலாம்னு சொல்லியிருக்காங்க. உட்கார்ந்தா சூப்பர்வைசர் பாக்குற பார்வையில எழுந்துக்கத் தோணும்" என்பாள்.

உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1940-ல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் இரவெல்லாம் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலிகளில் அசையாமல் கிடந்தார்கள். அவர்களில் சிலர் திடீரென்று இறந்துபோனார்கள். கால் சிரையில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது என்று கீத் சிம்சன் என்ற மருத்துவர் அப்போது எழுதினார். நீண்ட விமானப் பயணத்தில் எழுந்து நடக்கச் சொல்வதும், ஆபரேஷன் முடிந்தவரைச் சீக்கிரமே பாதத்தை ஆட்டச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கம், வலி, சூடு என்று வந்தால் தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். நம் பக்கத்தில் முதலில் உருவிவிடத்தான் ஓடி வருவார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். நாம் எல்லோரும் நாளைக்கு நிற்கப் போகிறவர்கள். லேத், மில்லிங், அசெம்பிளி லைன், ஷூ கம்பெனி, எங்கே போனாலும் எட்டு மணி நேரம். நம் ஒர்க்‌ஷாப்பிலேயே மூன்று மணி நேர பிராக்டிகலில் ஒரு பெஞ்ச் கிடையாது. இந்த வருடம் மாணவர் மன்றத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஒர்க்‌ஷாப்புக்குப் பத்து ஸ்டூல் என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவன் நான்தான். நமக்கு எதுக்குடா ஸ்டூல், வயசானவனா என்று கிண்டல் செய்தவர்கள், மேலே இருக்கும் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஸ்டூல் வரும்வரை, மெஷின் ஓடும்போதே, நின்ற இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பத்துத் தடவை போதும். முன்னும் பின்னும் புறங்காலில் தெரியும் சிரையைப் பாருங்கள். புடைத்திருந்தது அமுங்கியிருக்கும். குதி உயர்ந்த செருப்பு போடும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தச் செருப்பில் குதிகால் ஏற்கெனவே தூக்கியே இருப்பதால் பம்புக்கு முழு ஸ்ட்ரோக் கிடைக்காது.

வாட்ச்மேன் அண்ணன் சொன்னதையும் இந்தக் கணக்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். கணக்கு அவளுக்கு ரசிக்கவில்லை. குதிகால் விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். காலுறையைப் போட்டுக்கொண்டு, கவுண்டருக்குப் பின்னால் நின்று, பில் போடும் இடைவெளியில் ஏறி ஏறி இறங்குவாளாம். பக்கத்துக் கவுண்டர்ப் பெண்கள் மூன்று பேரும் இப்போது சேர்ந்துகொண்டார்களாம். போன மாதம் சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா எல்லாரும் எட்டி எட்டிப் பாக்குறீங்க?" என்று கேட்டாராம்.

"மேல் தட்டுல எட்டு முழம் வேட்டி இருக்கான்னு பாக்குறோம் சார்" என்றாளாம் அக்கா.